பாதித் தலைக்கு எண்ணெய்

1944 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை, பழைய மணிக்குக் காலை ஆறே முக்கால். ஜப்பான்காரர்கள் ஊர் மணியை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். என் கடிகாரத்தை நான் மாற்றவில்லை. மூன்று வாரமாக மழை இல்லை. காற்று காய்ந்து வீசிக்கொண்டிருந்தது. பால் மரங்கள் (ரப்பர் மரங்கள்) இலை உதிர்க்கும் பருவம்.

தலைக்குக் குளித்துவிட்டு வந்த என் மகள் பாக்கியம் சமையலறை வாசலில் நின்று, "அப்பா, இங்க பாருங்க" என்றாள். நீட்டிய கையில் ஈர முடி ஒரு கொத்து இருந்தது. அது தலையோடு ஒட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அவள் கையைத் தாழ்த்தினாள். முடியும் கையோடு தாழ்ந்தது.

காய்ச்சலுக்குப் பிறகு முடி கொட்டுகிறவர்களுக்கும், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்து தவிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். தலையில் தடவும் ஓர் எண்ணெய் வேலை செய்கிறதா, இல்லையா என்று தெரிந்துகொள்வது பார்வைக்கு எளிது. அதில் நான் முதலில் தவறினேன், பிறகு சரியாகச் செய்தேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் பெரிய கிராணியாக (தலைமை எழுத்தராக) இருந்தவன். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகும் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று என்னை விட்டுவைத்தார்கள். அப்போது எனக்கு அறுபத்தொன்று. பாக்கியம் எங்கள் ஒரே மகள். அவள் கணவர் வேலாயுதம் ரப்பர் ஸ்டோரில் எடை போடுகிறவர். 1943 ஆகஸ்டில் சயாம் ரயில்பாதை வேலைக்கென்று அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதத்தில் அனுப்பிவிடுவோம் என்றார்கள். ஒரு கடிதம்கூட வரவில்லை.

பாக்கியம் எங்களோடு வந்து தங்கினாள். வந்த வாரமே சுங்கைப் பட்டாணி முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டாள்: அவர் உயிரோடு திரும்பினால் முழு மொட்டை. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அவளுக்கு. அதைவிடப் பெரிதாகக் கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை.

நவம்பரில் அவளுக்கு முறைக்காய்ச்சல் (மலேரியா, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரும் நடுக்கமுமாக வருவது) வந்தது. குயினின் (அந்தக் காய்ச்சலுக்குரிய கசப்பு மாத்திரை) தோட்டத்து ஆஸ்பத்திரியில் தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நிலவேம்புக் கசாயம் கொடுத்தோம். மூன்று வாரத்தில் காய்ச்சல் விட்டது. உடம்பு தேறிவிட்டது என்று நினைத்திருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

அவளுக்கு அழகைப் பற்றிய கவலை இல்லை. "சாமிக்குக் குடுக்கிறேன்னு சொன்ன முடிப்பா இது. வேணாம்னு சாமியே கீழ தள்ளிடுச்சு. அப்ப அவரு…" என்று சொல்லி நிறுத்தினாள்.

என் மனைவி மங்களம் அடுப்படியிலிருந்தே கத்தினாள். "அடி போடி! வேணாம்னா தள்ளுது? முன்பணமா எடுத்துக்குதுடி. மாப்பிள்ளை கெளம்பிட்டாருன்னு அர்த்தம்."

"முன்பணம் வாங்குற சாமிய நீதாம்மா பாத்திருக்க."

அன்றிலிருந்து அவள் தட்டில் பாதி மரவள்ளிக்கிழங்கு அப்படியே மிஞ்சத் தொடங்கியது. சொன்னால் "பசிக்கலப்பா" என்பாள். அவள் மனத்துக்குள் முடியும் புருஷனும் ஒன்றாகிவிட்டார்கள். ஒவ்வொரு முறை தலை வாரும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் செத்துக்கொண்டிருந்தார். முடி நின்றால் சாப்பிடுவாள். நிற்காவிட்டால், காய்ச்சல் கொண்டுபோகாத பெண்ணைப் பட்டினி கொண்டுபோய்விடும். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

சுங்கைப் பட்டாணியில் ராவுத்தர் ஒருவர் மருந்துச் சாமான் கடை வைத்திருந்தார். கரிசலாங்கண்ணி, மருதாணி இலை, சின்ன வெங்காயச் சாறு சேர்த்துத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி விற்பார். நடந்தே போனேன். என் சைக்கிளுக்கு டயர் இல்லை.

கதையைக் கேட்டுவிட்டு ராவுத்தர் மேசையில் கைவைத்துச் சிரித்தார். "வழிக்கப் போற முடிய வளக்குறதுக்கு மருந்தா? கிராணியாரே, முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். இப்படி ஒரு யாவாரம் பண்ணதில்லலா!"

"எவ்வளவு?"

"பன்னெண்டு வெள்ளி. மொறைக்காதீங்க. இந்தியா வெங்காயம் கண்ணால பாத்து ரெண்டு வருஷமாச்சு. யாரோ வீட்டுப் பின்னால போட்டது இது. ரொம்ப சூசா, கெடைக்கிறதே கஷ்டம். மூணு மாசம் தேய்க்கணும். மூணு நாள்ல வந்து கேக்கக் கூடாது."

வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகளில் பன்னிரண்டு வெள்ளி (டாலர்) எண்ணிக் கொடுத்தேன்.

எண்ணெய் தொடங்குவதற்கு முன்பே ஒரு கணக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலையணையில் வெள்ளைத் துணி விரித்தோம். பாக்கியம் துணியையும் சீப்பையும் காலையில் என் மேசைக்குக் கொண்டுவருவாள். தலைக்குக் குளிக்காத ஏழு நாட்களை எடுத்துக்கொண்டேன். குளிக்கும் நாளில் நான்கு நாள் முடி சேர்ந்து விழும், அதைச் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். விழுந்ததை எண்ணினேன்: ஒரு நாளைக்குச் சராசரி நூற்று நாற்பது முடி.

பிறகு எண்ணெய் தேய்த்தோம். இரண்டாம் வாரம் முடியும்போது ஐம்பத்தைந்து.

அன்று மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். "பாதிக்கும் கீழே வந்துவிட்டதம்மா. என் கணக்கில் தப்பு வராது."

அவள் அன்று கிழங்கு முழுவதும் சாப்பிட்டாள். அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டாள். ராவுத்தரிடம் இரண்டாவது போத்தல் வாங்கினேன். அது பதினைந்து வெள்ளி. விலை ஏறியது எனக்கு உறுத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்கட்டுக்குப் போனேன். மங்களம் காலை நீட்டி உட்கார்ந்து, குதிரைவால் போல ஒன்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி நூலால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன அது?"

"சவுரிங்க. முடி மெல்லிசாப் போச்சே. கோயிலுக்குப் போகையில வச்சுப் பின்னிவிட்டா நாலு பேரு கண்ணுக்குத் தெரியாதுல்ல. அதான் சேத்து வச்சேன்."

"எப்போதிருந்து?"

"எண்ணெ வைக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. நாந்தானே தேய்ச்சு வாரிவிடுறேன். சீப்பு எங்கையிலதானே இருக்கு."

"அப்படியானால் எனக்குக் கொடுத்தது?"

"துணியில விழுந்தது, தரையில விழுந்தது. நீங்க விழுந்ததத்தானே கேட்டீங்க? சீப்புல உள்ளது எங்க விழுந்துச்சு?"

சவுரி (உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கட்டி, பின்னலோடு இணைத்துக்கொள்வது) நம் பெண்கள் எல்லோரும் செய்வதுதான். சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக் கூரைச் செருகலில் வைக்கும் கையை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். எண்ணெய் தொடங்கிய அதே நாளில் சீப்பு கை மாறிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. இதைப் படிக்கிறவர்கள் கவனத்தில் வையுங்கள்: மருந்து தொடங்கும் நாளில் வீட்டில் வேறு எதையும் மாற்றாதீர்கள். மாறினால், எது எதைச் செய்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

பாக்கியம் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அப்ப கொறையலையாப்பா?"

"குறையவில்லையம்மா" என்றேன்.

அவள் அம்மா மடியிலிருந்த சவுரியை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். "பரவாயில்லம்மா. நீளமாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த வேளைச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. அதற்கடுத்த வேளையும்.

மறுநாள் அவளைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். டாக்டர் இல்லை. டிரெசர் (டாக்டருக்கு உதவியாகப் படித்துத் தேர்ந்தவர்) சாமுவேல் இருந்தார். மருந்து இல்லாத ஆஸ்பத்திரியில் நேரம் தாராளமாக இருந்தது. பாக்கியத்தை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, மூன்று நான்கு இடத்தில் வகிடு பிரித்துப் பார்த்தார். விரலிடுக்கில் ஒரு கற்றையைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஆறேழு முடி வந்தது. அதன் வேர் முனையை எனக்குக் காட்டினார். வெள்ளையாகக் கடுகளவு குமிழ்.

"முத்திப் போன முடி இது. காய்ச்சல் எப்ப வந்துச்சு?"

"நவம்பரில்."

"அதான். பெரிய காய்ச்சல் வந்தா தலையில உள்ள முடியில பாதி வளர்றத நிறுத்திடும். உடனே விழாது. ரெண்டு மூணு மாசம் சும்மா ஒட்டிக்கிட்டு இருந்துட்டு, எல்லாம் ஒண்ணா விழும். நீங்க தோட்டத்துலயே கெடந்தவரு. பால் மரம் எல எல்லாத்தையும் ஒரே நேரத்துல கொட்டிட்டு நிக்குதே, மரம் பட்டுப்போச்சுன்னு வெட்டிட்டீங்களா?"

"அப்படியானால் எண்ணெய்?"

"கெடுதல் பண்ணாது. நல்லது பண்ணுமான்னு கேட்டா, பண்ணாதுன்னுதான் நெனைக்கிறேன். நான் சொன்னா நம்புவீங்களா?"

"நம்பமாட்டேன்."

"தெரியும். ஆனா இதைக் கேளுங்க. கெழங்கு வயித்த அடைக்கும், முடிக்கு ஒண்ணும் போய்ச் சேராது. மீனு, முட்டை, கீரை. தங்கச்சி, கேக்குதா? சாப்பிடாம இருந்தா ஒண்ணும் மொளைக்காது. அப்புறம் கிராணி ஐயா, விழுறதையே எண்ணிக்கிட்டிருக்காதீங்க. விழ வேண்டியது விழுந்தே தீரும். புதுசா வருதான்னு பாருங்க. நெத்தி ஓரத்துல, வகிடு ஓரத்துல. குட்டையா, நுனி கூரா இருந்தா புது முடி. நுனி மழுங்கலா இருந்தா ஒடிஞ்ச முடி."

நுனி கூரா, மழுங்கலா என்பதை நான் அன்றே மனப்பாடம் செய்துகொண்டேன்.

மீனுக்கு வழி செய்தேன். தஞ்சோங் டாவாயிலிருந்து நெத்திலி கொண்டுவரும் மலாய்க்காரர் ஒருவர் நோட்டு வாங்க மாட்டார். துணி என்றால் வாங்குவார். அலுவலகத்துக்குப் போட்டுக்கொள்ளும் என் வெள்ளை டிரில் கோட்டுகள் இரண்டு பெட்டியில் இருந்தன. அவற்றைக் கொடுத்தேன். மூன்று மாதத்துக்கு வாரந்தோறும் நெத்திலியும் நான்கு முட்டையும் தருவதாக ஒப்புக்கொண்டார். ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஆனால் பாக்கியம் சாப்பிட வேண்டுமே. என் சொல்லை ஒருமுறை நம்பி ஏமாந்தவள். இனி அவளே கண்ணால் பார்த்து நம்பும்படி ஒன்று வேண்டும்.

போருக்கு முன்னால் எங்கள் துரை புதிய உரம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தார். தோட்டம் முழுக்கப் போட்டுவிட்டுப் பால் கூடியதா என்று கேட்கவில்லை. ஒரு நிரைக்கு (மரவரிசைக்கு) உரம், அடுத்த நிரைக்கு வெறுமை. ஒரே மண், ஒரே மழை, ஒரே பால்வெட்டுக்காரர். அந்தக் கணக்கை எழுதியவன் நான்தான். அது நினைவுக்கு வந்ததும் மகளிடம் போனேன்.

"வகிட்டுக்கு வலது பக்கம் மட்டும் எண்ணெய். இடது பக்கம் ஒன்றும் கிடையாது. மூன்று மாதம்."

அவள் என்னைப் பார்த்தாள். "வலது பக்கம் ஒரம், இடது பக்கம் சும்மா. நான் என்ன தோட்டமாப்பா?"

"நெரைக்கு நெரை பாத்து ஒன்ன வெட்டுக்கு விடப் போறாருடி" என்றாள் மங்களம். "ஏங்க, புள்ள சாமிக்குப் பாதித் தலையையா குடுக்கும்?"

"எந்தப் பாதி முளைக்கவில்லையோ அதற்கு நான் பொறுப்பு."

"நீங்க பொறுப்புன்னா? ஒங்க மண்டையில இருந்து எடுத்து ஒட்டுவீங்களா? அங்கதான் ஒண்ணுமே இல்லையே!"

பாக்கியம் சிரித்துவிட்டாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "சரிப்பா. ஆனா நீங்க சொல்லக் கூடாது. டிரெசர்தான் பாத்துச் சொல்லணும். எந்தப் பக்கம்னு அவருக்குத் தெரியக் கூடாது."

இந்த யோசனை எனக்கு வரவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஏப்ரல் முதல் தேதி தொடங்கினோம். எண்ணெய் வழிந்து அடுத்த பக்கம் போகாதபடி மங்களம் விரல் நுனியால் மட்டும் தொட்டுத் தேய்த்தாள். பாக்கியம் வலது பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தாள். இதற்கு மேலும் இரண்டு போத்தல், பதினெட்டு வெள்ளியும் முப்பத்து மூன்று வெள்ளியுமாக வாங்கினேன். தினமும் பார்க்கக் கூடாது என்று நானே ஒரு விதி வைத்தேன். தினமும் பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் அது ஆசையாக இருக்கும். விதியை வைத்தவனுக்குத்தான் அதைக் காப்பது கடினமாக இருந்தது. அவள் முற்றத்தில் குனிந்து பெருக்கும்போது எந்த வேலையும் இல்லாமல் பக்கத்தில் போய் நிற்பேன். "அப்பா, இன்னும் மாசம் ஆகல" என்பாள், நிமிராமலே.

அந்தச் சோதனையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் அவள் தட்டுதான். இரண்டு பக்கத்துக்கும் ஒரே சாப்பாடு போக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நிற்காது என்று சொல்லியிருந்தேன். நெத்திலியை மென்றுகொண்டே, "இது இடது பக்கத்துக்கு" என்பாள்.

ஜூலை முதல் வாரத்தில் தலையை நன்றாக அலசிக் காயவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எண்ணெய் பட்ட முடி கறுப்பாகவும் படிந்தும் தெரியும். அதை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. டிரெசர் அதே வாசல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். இரண்டு நெற்றியோரத்திலும் வகிட்டின் இரு கரையிலும் மூன்று விரற்கடை நீளத்துக்கு முடி செங்குத்தாக நின்றது. நுனி கூராக இருந்தது.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்" என்றார்.

"நன்றாகப் பாருங்கள்."

"பாத்துட்டேன் ஐயா. எந்தப் பக்கம்னு சொல்லிட்டீங்கன்னா அந்தப் பக்கம்தான் நல்லா இருக்குன்னு சொல்லிடுறேன். நீங்களும் சந்தோஷமாப் போகலாம்."

எண்ணெய் முடியை வளர்க்கவில்லை. காய்ச்சல் நிறுத்தி வைத்ததை உடம்பே மறுபடி தொடங்கியிருந்தது. நெத்திலியும் முட்டையும் அதற்குக் கை கொடுத்தன. இது என் முடிவு. இன்றும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மங்களம் மட்டும், "வலது பக்கம் கொஞ்சம் கூடத்தான் இருக்கு, ஒங்களுக்குக் கண்ணு தெரியல" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வரும் வழியில் பாக்கியம் கேட்டாள். "எண்ணெ வைக்காத பக்கம் ஏம்ப்பா வளந்துச்சு?"

"காய்ச்சல் போய்விட்டது. சாப்பிடுகிறாய்."

"இல்ல. எண்ணெ வளக்கல, நீங்க வளக்கல, டிரெசரு வளக்கல. அப்ப யாரு வளத்தது? வேண்டுதலக் கேட்டுக்கிட்ட சாமிக்கு முடி வேணும்ப்பா. அதான் திருப்பி வளக்குது. அவரு இருக்காரு."

ஒரே கணக்கிலிருந்து இருவரும் இரண்டு விடை எடுத்துக்கொண்டோம். அவள் விடையால் அவள் சாப்பிட்டாள், என் விடையால் நான் ஐந்தாவது போத்தலுக்குப் பணம் கொடுக்காமல் மிஞ்சினேன். விஷயத்தைச் சொன்னபோது ராவுத்தர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு பக்கத்துக்கு நாந்தான்னு சொல்லிக்கிறேன், விடுங்கலா" என்றார்.

1945 டிசம்பரில் வேலாயுதம் வந்தார். சுங்கைப் பட்டாணி ரயிலடியிலிருந்து யாரோ மாட்டுவண்டியில் ஏற்றி விட்டிருந்தார்கள். கணுக்காலில் ஆறாத புண். எலும்பும் தோலும். வாசலில் நின்றவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை, பாக்கியத்துக்குத் தெரிந்தது. அவரோடு அந்த லாரியில் ஏறியவர்களில் பலர் திரும்பவில்லை. அந்தக் கணக்கை நான் எழுத மாட்டேன்.

பேச்சு வந்த பிறகு அவர் அவள் தலையைப் பார்த்தார். இடுப்பு வரை பழைய முடி, அதன் மேல் ஒரு சாண் நீளத்துக்குப் புது முடி விரிந்து நின்றது. "என்ன புள்ள, தலையில மேல்லயம் கீழ்லயம்னு ரெண்டு லயம் கட்டி வச்சிருக்க?" என்றார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வீட்டில் சண்டை. சுமங்கலிக்குப் பூமுடி (மூன்று விரற்கடை நுனியை மட்டும் வெட்டிக் கொடுப்பது) போதும் என்றாள் மங்களம். மாப்பிள்ளையும், "எனக்காக மொட்டை போட வேணாம், நான்தான் வந்துட்டேனே" என்றார்.

"வந்துட்டீங்க. அதான் போடணும்" என்றாள் பாக்கியம்.

தைப்பூசத்தன்று கோயிலில் நாவிதர் மூன்று கத்தி இழுப்பில் முன் தலையை வெளியே கொண்டுவந்தார். இரண்டு வருஷமாக நான் காத்துக் கிடந்தது எல்லாம் வாழையிலையில் விழுந்தது. மனம் பதறும் என்று நினைத்திருந்தேன், பதறவில்லை. கொட்டினால் திரும்ப வரும் என்று எனக்கு இப்போது தெரியும்.

நான்கைந்து நாள் கழித்து அவள் என் நாற்காலிக்கு முன்னால் தலையைக் குனிந்தாள். "அப்பா, பாருங்க."

கண்ணாடியைத் தேடினேன். அகப்படவில்லை. கையை வைத்தேன். அவள் குழந்தையாக இருந்தபோது வைத்த கை. உள்ளங்கை முழுவதும் முள்முள்ளாகக் குத்தியது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. அந்த நேரத்தில் எந்தப் பக்கம் வலது என்று நான் யோசிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குக் காலம் வேறு மாதிரியாகப் போகிறது. முன்பெல்லாம் மாதம் என்றால் சம்பளப் பட்டியல், பிறகு போர் எப்போது முடியும் என்ற வதந்தி. இப்போது ஒரு மாதம் என்பது ஏறக்குறைய ஒரு விரற்கடை முடி. நாம் பயந்தாலும் பயப்படாவிட்டாலும், பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உடம்பு அதன் வேகத்தில் அதைச் செய்துகொண்டுபோகிறது. மூன்று மாதம் பொறுங்கள். பொறுத்தபின் பாருங்கள். அதுவரை நன்றாகச் சாப்பிடுங்கள்.

செலவு: எண்ணெய் நான்கு போத்தல், ஜப்பான் நோட்டு எழுபத்தெட்டு வெள்ளி, பிரிட்டிஷ்காரன் திரும்பியதும் அந்த நோட்டெல்லாம் காகிதமாகிவிட்டதால் அதைத் தள்ளுபடி செய்கிறேன். டிரில் கோட்டு இரண்டு, போருக்கு முந்தைய விலையில் ஒன்பது வெள்ளி. நாவிதர் கூலி, தேங்காய், சந்தனம் சேர்த்து இரண்டு வெள்ளி முப்பது சென். ஆகமொத்தம் பதினோரு வெள்ளி முப்பது சென்.